பச்சை பூச முடியாத வண்டி

மிலிட்டரி ஏலத்தில் போன வண்டியை வாங்கிச் சரிசெய்கிற எவரும் கடைசியில் பெயின்ட் கடை வாசலில் வந்து நின்றாக வேண்டும். என்ஜின், பிரேக், ஸ்பிரிங் கட்டு என்று மற்ற எல்லாவற்றுக்கும் எப்படியோ வழி பிறந்துவிடும். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். கலருக்குத்தான் வழி கிடையாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, ராணுவத்துக்குச் சொந்தமான வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்கிறது. எத்தனை வருஷம் ராணுவத்தில் உழைத்த வண்டியாக இருந்தாலும் சரி, ஏலம் முடிந்து சிவிலியன் கைக்கு வந்துவிட்டால் அந்த நிறம் அதற்கு இல்லை.

என்னிடம் இருப்பது ஒரு நிசான் ஒன் டன். ஜபல்பூர் வண்டித் தொழிற்சாலையில் நிசான் லைசென்ஸில் செய்த நாலு சக்கர டிரைவ் டிரக். ராணுவத்தின் ஜோங்கா ஜீப்பைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அதே ஆலையில் அதே ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினோடு வந்த அதன் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் தோனி ராஞ்சியில் ஜோங்கா ஓட்டிக்கொண்டு போன படம் வந்ததிலிருந்து, சிங்காநல்லூர் பக்கம் என் ஷெட்டைக் கடந்து போகிறவர்கள் "இது தோனி வண்டியாங்க?" என்று கேட்காமல் போவதில்லை. அவர்களுக்கு விளக்கம் சொல்வது எனக்குப் பிடித்த வேலை.

பிடிக்காமல் போனது வேறொரு கேள்வி. பழைய வண்டிகளில் நல்ல பார்வை உள்ள நண்பர் ஒருவர் வந்தார். என்ஜின் ஓடுவதைக் கேட்டார், சேசிஸைத் தட்டிப் பார்த்தார், பின்தொட்டியின் மூலைகளில் விரல் விட்டுத் துரு இருக்கிறதா என்று தடவினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கிளம்பும்போது, "எல்லாம் சரிங்க. ஆனா கலர் வரப்போறதில்லை. அப்புறம் இதை எப்படி ரெஸ்டோர் பண்ணுன வண்டின்னு சொல்றது?" என்றார். குறை சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொன்னார். அதனால்தான் அது என்னை விடவில்லை. எது திரும்பி வந்தால் வண்டி திரும்பி வந்தது என்று சொல்லலாம்?

அங்குலத்தில் ஓடும் ஜப்பான் என்ஜின்

இந்தக் கேள்வி என்ஜின் வேலையிலிருந்தே என்னோடு இருந்திருக்கிறது, அப்போது எனக்கு அது கேள்வியாகத் தெரியவில்லை. தேய்ந்த சிலிண்டர்களை மறுபடி கடைந்து சீராக்க, அதாவது ரீபோர் பண்ண, பிளாக்கைக் கொண்டுபோனபோது நடந்தது இது. கோயம்புத்தூரில் மில் மெஷினும் மோட்டார் பம்பும் பார்த்தே வளர்ந்த லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில் வயசான ஒருவர் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், அளக்கும் கேஜை உள்ளே விட்டு, தேயாத அடிப்பகுதியில் அளவு எடுத்தார். 85.7 மில்லிமீட்டர். கிராங்கை அளந்து, பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரமான ஸ்ட்ரோக்கைக் கணக்குப் போட்டார். 114.3. சாக்பீஸை எடுத்துச் சுவரில் வகுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மில்லிமீட்டர்ல போட்ட என்ஜின் இல்லீங்க. நாலரை இஞ்ச் ஸ்ட்ரோக், மூணு இஞ்சும் எட்டுல மூணு பங்கும் போர்" என்றார். 25.4-ஆல் வகுத்தால் அப்படியே விழுகிறது. 3956 சி.சி. என்று நாம் புத்தகத்தில் படிக்கிற எண் அந்த அங்குலங்களிலிருந்து பிறந்தது.

ஜப்பான்காரன் ஏன் அங்குலத்தில் என்ஜின் செய்தான்? 1930-களில் நிசான், டெட்ராய்ட்டில் இருந்த கிரஹாம்-பெய்ஜ் என்ற கம்பெனியிடமிருந்து கார் டிசைனையும் அதைச் செய்யும் கருவிகளையும் மொத்தமாக வாங்கியது. அங்கிருந்து வந்த ஆறு சிலிண்டர் என்ஜினின் ஸ்ட்ரோக் நாலரை அங்குலம். போரைப் பெரிசாக்கினார்கள், பக்கவாட்டில் இருந்த வால்வை மேலே கொண்டுவந்தார்கள், பெயரை மாற்றினார்கள். ஸ்ட்ரோக்கை மட்டும் யாரும் தொடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த இந்த டிரக்கின் உருவத்தைப் பார்த்தாலோ அமெரிக்க டாட்ஜ் எம்37-ன் சாயல் அப்படியே தெரியும். அந்த உருவமும் அந்த என்ஜினும் ஜபல்பூர் வந்து, இந்தியப் பட்டறைகளில் இந்தியக் கைகளால் வார்க்கப்பட்டு, இமயமலை வரைக்கும் போயிருக்கின்றன. சுவரில் சாக்பீஸ் கணக்கைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு எண், யாரும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்காமலேயே, மூன்று நாடுகளைக் கடந்து என் கைக்கு வந்திருக்கிறது.

அதனால்தான் என்ஜினை மாற்றச் சொன்ன யார் பேச்சையும் நான் கேட்கவில்லை. சொன்னவர்கள் நிறையப் பேர். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் தருகிற பெட்ரோல் என்ஜினை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், ஒரு டீசல் என்ஜினைத் தூக்கி உள்ளே வை என்பார்கள். ஊரில் ஓடுகிற பல ஜோங்காக்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. 1996-ல் ஜபல்பூர் ஆலையே டீசல் ஜோங்காவைச் சிவிலியன்களுக்கு விற்றதும் உண்டு, ஆகவே அது தவறு என்று நான் யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை. எஸ்டேட்டில் தினம் சுமை ஏற்றுகிறவருக்கு அது நியாயமான முடிவு. ஆனால் வாரக் கடைசியில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டப்போகிறவருக்கு மைலேஜ் ஒரு காரணமே கிடையாது. 2021-ல் வந்த விண்டேஜ் வண்டி விதிகளும், ஐம்பது வயதைத் தாண்டிய வண்டியின் சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கின்றன.  என் வண்டி அந்தக் கணக்கில் வரும்போது அது தன் என்ஜினோடு இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

பழையபடி வைப்பதிலும் இன்றைய உலகத்தை அனுசரித்தே ஆகவேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த என்ஜின் வடிவமைக்கப்பட்டது ஈயம் கலந்த பெட்ரோலுக்கு. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு வந்து மூடி உட்காரும் வளையமான சீட்டில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000-ல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. என் ஹெட்டைக் கழற்றியபோது எக்ஸாஸ்ட் சீட்டுகள் நன்றாக உள்ளே இறங்கியிருந்தன. கடினமான சீட் வைத்து அழுத்தி, வால்வு அரைத்து உட்காரவைத்தோம். இப்போது பங்கில் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரை ஊறவைத்துக் குழைத்துவிடும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பம்பு டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர், ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றினேன். வண்டியை ரொம்ப நாள் நிறுத்தினால் டேங்கைக் காலி செய்துவிடுகிறேன். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. மற்ற எந்தச் செலவும் இதற்குப் பிறகுதான்.

தண்ணீர் பேப்பர் காட்டியது

ஆவணங்களைப் பற்றி ஒரு வரி. ராணுவ வண்டிகள் பெரும்பாலும் மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் மின் ஏலத்தில் லாட்டு லாட்டாகப் போகின்றன, வியாபாரிகள் எடுத்து நமக்கு விற்கிறார்கள். ராணுவம் கொடுத்த படிவம் 21 விற்பனைச் சான்றிதழ் இல்லாமல் எந்த வண்டிக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவு செய்ய அதுதான் உயிர்.

பின்கதவைத் தண்ணீர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், போட்டுத் தேய்க்க ஆரம்பித்தபோது பச்சை என்று ஒன்று இல்லை என்பது தெரிந்தது. மேலே ஒரு கருத்த பச்சை. பிரஷ்ஷால் அடித்தது, ரோமம் போன தடம் தெரிந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் மஞ்சள் ஏறிய பச்சை. அப்புறம் செங்காவி ரெட் ஆக்ஸைடு. மறுபடி ஒரு பச்சை, இது வழவழப்பாக, ஸ்பிரே செய்தது. பம்பரில் எண் இருந்த இடத்தை அழித்துத்தான் அனுப்பியிருந்தார்கள், ஆனாலும் தேய்க்கத் தேய்க்க வெள்ளையில் ஒரு மேல்நோக்கிய அம்புக்குறி மங்கலாக எழும்பி வந்தது. ராணுவ நம்பர் அந்த அம்போடுதான் தொடங்கும், அடுத்து வருகிற இரண்டு இலக்கம் வண்டி வாங்கிய வருஷம். 7 தெரிந்தது, அடுத்தது தெரியவில்லை. அத்தோடு பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பம்பரை இன்றுவரை மேற்கொண்டு தேய்க்கவில்லை.

எந்தப் பச்சை அசல் என்று நண்பரிடம் கேட்டால் அடியில் இருப்பதுதான் என்பார். ஆனால் அது வண்டியில் வெளியே தெரிந்தது கொஞ்ச காலம்தான். மிச்சக் காலமெல்லாம் மேலே அடித்த பச்சைகளோடுதான் ஓடியிருக்கிறது.

டிஃபரன்ஷியலில் ஒரு வெள்ளை

இந்த யோசனையில் வேலை நின்றுபோயிருந்த சமயத்தில்தான், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெரியவர் வந்தார். ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவான இ.எம்.இ.யில் மெக்கானிக்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஒன் டன் ஒன்று சிங்காநல்லூரில் இருக்கிறது என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான் என்ஜினைக் காட்டத் தொடங்கினேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போனார். "ஒரு சாக்கு குடுங்க தம்பி" என்று வாங்கி விரித்து, எழுபது வயசுக்கு மேற்பட்ட அந்த மனிதர் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துவிட்டார்.

"வேஸ்ட் துணியில கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைச்சுக் குடுங்க" என்று குரல் வந்தது. கொடுத்தேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் படுத்தேன். பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கிற, என்ஜின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையின் மேல் வருஷக்கணக்கில் ஏறிப்போன கிரீஸும் மண்ணும் கல் மாதிரி இறுகியிருந்தன. முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் பாளம் பாளமாகப் பெயர்த்தார். அப்புறம் துணியை வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகி, நடுவில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை பெயின்ட் தெரிந்தது. "இருக்குதுங்க" என்றார். அவர் தேடி வந்தது அதைத்தான்.

வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கான்வாயில் ராத்திரி போகும்போது ஹெட்லைட் போடக்கூடாத இடங்கள் உண்டு. அப்போது பின்பாடிக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியும். அது கீழே, டிஃபரன்ஷியலில் பூசிய அந்த வெள்ளையின் மேல் மட்டும் விழும். மேலேயிருந்தோ தூரத்திலிருந்தோ பார்த்தால் ஒன்றும் தெரியாது, பின்னால் வருகிற டிரைவருக்கு மட்டும் தரைக்குச் சற்று மேலே ஒரு வெள்ளை தெரியும். அதைப் பார்த்துத்தான் அவர் இடைவெளியையும் வளைவையும் கணக்குப் பண்ணவேண்டும். "சோஜிலால எறங்கும்போது எனக்கு முன்னாடி வண்டின்னா அந்த வெள்ளைதானுங்க. அது பக்கவாட்டுல நகர்ந்தா வளைவு வருதுன்னு அர்த்தம். காணாமப் போச்சுன்னா உடனே நின்றணும்" என்றார். சோஜிலா, காஷ்மீரிலிருந்து லடாக் போகிற வழியில் 3,500 மீட்டருக்கு மேல் இருக்கிற கணவாய். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். நான் அந்த வெள்ளையைப் பார்த்தபடியே படுத்துக்கிடந்தேன்.

எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது கலர் பிரச்சினையைச் சொன்னேன். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. இன்ஸ்பெக்ஷன் வந்தால் பச்சை அடிப்பார்கள், ஸ்டோரில் எந்தப் பச்சை இருக்கிறதோ அதை அடிப்பார்கள் என்றார். ஆனால் டிஃபரன்ஷியல் வெள்ளையில் சேறு இருந்தால் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டாராம், துடைத்துவிட்டுத்தான் ஏறுவாராம். மட்கார்டில் டயருக்கு எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும், அது அழிந்தால் அன்றைக்கே எழுதிவிடவேண்டும். முன்னால் ஒரு வட்டத்தில் எண் இருக்கும், இந்த வண்டி எந்தப் பாலத்தில் ஏறலாம் என்பதற்கு. "பச்சை பார்க்கிறவங்களுக்குங்க தம்பி. இதெல்லாம் ஓட்டறவனுக்கு" என்று சொல்லிவிட்டு, மட்கார்டைத் தடவி அந்தக் காற்று அளவு எழுதியிருந்த இடத்தைத் தேடினார். பச்சைக்கு அடியில் எழுத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. என் விரலையும் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு வேலையின் திசை மாறியது. அதுவரை நான் வண்டியை வெளியே நின்று பார்க்கிறவனாகத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன். பரேடில் நிற்கிற வண்டி மனதில் இருந்தது. இந்த வண்டியை நம்பி ராத்திரியில் மலை இறங்கியவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைத் துடைத்தார்கள், எதை அழியவிடாமல் காத்தார்கள் என்ற பட்டியலை அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பட்டியலில் இருந்த ஒன்றையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

சட்டம் சரிதான்

இந்த ஆர்வத்தில் இருக்கிற பலருக்கு விதி 121 மேல் கோபம் உண்டு. எனக்கு இல்லை. 2015-ல் பஞ்சாபின் தினாநகரில் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தவர்கள். 2016 ஜனவரியில் பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு, ராணுவ உடை போன்ற துணிகளைப் பொதுமக்கள் போடவேண்டாம், கடைக்காரர்கள் விற்கவேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. ஒரு செக்போஸ்ட்டில் நிற்கிற பையன், பச்சை டிரக் வருவதைப் பார்த்தால் நம் ஆள் என்று நினைப்பான். அந்த நினைப்பு பொய்யாகிவிடக்கூடாது. என் பொழுதுபோக்கை விட அவன் உயிர் பெரிது, இதில் பேச்சே இல்லை.

பெயின்ட் மிக்ஸிங் கடையில் எனக்கு ஒரு வழி சொன்னார்கள். பச்சையில் கொஞ்சம் நீலம் ஏற்றி, ஆலிவ் இல்லை ஆனால் பார்த்தால் ஆலிவ் மாதிரி என்று ஒன்று கலந்து தரலாமாம். பலர் அப்படித்தான் அடித்துக்கொண்டு போகிறார்களாம். நான் வேண்டாம் என்றேன். அது சட்டத்தையும் ஏமாற்றுவது, வண்டியையும் ஏமாற்றுவது. ஒரு மங்கலான சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன், பளபளப்பு இல்லாதது. வெளியே முழுக்க அதுதான். யூனிட் சின்னமோ அம்பு போட்ட நம்பரோ எதையும் திரும்ப எழுதவில்லை, அவை அந்தந்த யூனிட்டுக்கும் ராணுவத்துக்கும் உரியவை. உள்ளே, டாஷ்போர்டுக்குப் பின்னாலும் பானெட்டின் அடிப்பக்கத்திலும் பழைய பச்சைகள் இருந்தபடியே இருக்கின்றன. துருவை மட்டும் நிறுத்தி, மேலே வார்னிஷ் கொடுத்து விட்டுவிட்டேன். பம்பரில் அம்பு எழும்பிய இடத்தைத் தொடாமல் டேப் ஒட்டி மூடி, அதற்கு மேல் சாம்பல் அடித்தோம். எனக்குப் பிறகு யாராவது பிரித்துப் பார்த்தால் அது அங்கே இருக்கும்.

மட்கார்டுகளில் டயர் காற்று அளவை வெள்ளையில் எழுதினேன், பழைய எழுத்தின் மேட்டைத் தடவித் தடவி, அதே இடத்தில், அதே உயரத்தில். கிரீஸ் நிப்பிள்களைச் சுற்றிச் சிவப்பு. டிஃபரன்ஷியலுக்குப் புது வெள்ளை. அதை ஹவில்தார் ஐயாவே வந்து பூசினார், நான் கேட்காமலேயே பிரஷ்ஷோடு வந்தார். கலர் பற்றிக் கேட்ட நண்பரும் அதற்கு அப்புறம் ஒருமுறை வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சாக்கை விரித்து அடியில் படுக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தவர், அவருடைய பழைய ஜீப்பின் ஆக்ஸிலிலும் இப்படி ஏதாவது இருக்குமா என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனார். சாம்பல் நிறம் அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது. பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. வீல் சிலிண்டர் கிட் மாற்றியும் சரியாகவில்லை, அடுத்து டிரம்மை லேத்தில் ஏற்றிப் பார்க்கப்போகிறோம். அந்த வெள்ளையின் மேல் வெளிச்சம் விழவைக்கும் கான்வாய் விளக்குதான் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. அது இருந்த இடத்தில் இரண்டு போல்ட் துளையும் அறுந்த ஒயரும் மட்டும் இருக்கின்றன. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடியாயிற்று, சென்னை புதுப்பேட்டையிலும் சொல்லி வைத்திருக்கிறேன். புதிதாக எல்.இ.டி. வைத்துவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன், ஆனால் ஹவில்தார் ஐயாவுக்கு மூடியோடு இருக்கிற அந்தப் பழைய தகர விளக்குதான் வேண்டும். எனக்கும்தான். படிக்கிறவர்களில் யாரிடமாவது, ஜோங்காவுடையதோ ஒன் டன்னுடையதோ சக்திமான் ராணுவ டிரக்குடையதோ, உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று கிடந்தால் சொல்லுங்கள். கண்ணாடி போயிருந்தால் வெட்டி வைத்துக்கொள்கிறேன், அந்த மூடி மட்டும் முழுசாக இருந்தால் போதும்.